மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கக் கூடாதா?

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் யூ0121 என்ற பிழைக் கோடு (code) வந்ததுமே, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் "ஏபிஎஸ் மாட்யூல் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். நேற்று பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருத்தர் அப்படித்தான் பெரிய எஸ்டிமேட்டோடு வந்து நின்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஏபிஎஸ்ஸிடமிருந்து பேச்சு வரவில்லை என்பதுதான் அந்தக் கோடுக்கு அர்த்தம், அது செத்துவிட்டது என்பதல்ல. ஃபியூஸ் போனாலும், எர்த் விட்டாலும் இதே கோடுதான்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில், மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் கேன் வயர் ஜோடி வரும் 6, 14 பின்களுக்கு நடுவே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வரும். அந்த ஜோடியின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இணையாக இருக்கிறதே, அதனால்தான். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. இரண்டு நிமிட வேலை, அதைக்கூடச் செய்யவில்லை!

அண்ணாச்சி வண்டியில் 60 சரியாகவே இருந்தது. அப்புறம் மாட்யூல் கனெக்டரைக் கழற்றினால், தண்ணீர் ஏறி எர்த் பின் பச்சை பூத்துக் கிடக்கிறது. சுத்தம் செய்து மாட்டியதும் கோடு போய்விட்டது.