தேதி இல்லாத காணொளிகள்

2021 மே மாத நடுவில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் முதல் தவணை போட்டு ஆறு வாரம் ஆனதைக் கணக்கு வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, ஊசி போடாமலே திரும்பி வந்தார். 4 முதல் 6 வாரத்துக்குள் இரண்டாம் தவணை போட வேண்டும் என்று சொல்லும் அரை நிமிடக் காணொளி ஒன்று அவருடைய கைபேசியில் இருந்தது. வதந்தியை நம்பாதீர்கள் என்று ஓயாமல் சொல்கிறோம். அவர் நம்பியது வதந்தியை அன்று. ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியபோது அதுதான் விதி. மார்ச் 22 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இடைவெளியை 4 முதல் 8 வாரமாக்கி, 6 முதல் 8 வாரத்துக்குள் போடுவதே நல்லது என்றது. மே 13 அன்று அது 12 முதல் 16 வாரமாயிற்று. அந்தக் காணொளியில் மட்டும் எந்தத் தேதியும் இல்லை.

குறுங்காணொளிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் வியட்நாம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஒரு நிறுவனம், ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த காதல் பாட்டொன்றின் மெட்டில் கொரோனா பாடலை வெளியிட்டது. குவாங் டாங் என்ற நடனக் கலைஞர் கை கழுவும் முறையை அதற்கேற்ற அசைவுகளாக்கி டிக்டாக்கில் ஆடிக்காட்ட, மொழி தெரியாத நாடுகளிலும் மக்கள் அதைப் பார்த்து ஆடினார்கள். விரலிடுக்கை எப்படித் தேய்ப்பது என்பதைத் துண்டறிக்கையைவிட அது நன்றாகவே சொல்லிக்கொடுத்தது. கை கழுவும் முறை மாறுவதில்லை என்பதால், அந்தக் காணொளியை இன்று யார் பார்த்தாலும் கேடில்லை.

முகக்கவசத்தின் கதை வேறு. நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று 2020 தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமே காணொளி வெளியிட்டது. ஜூன் 5 அன்று, பரவல் அதிகமுள்ள இடங்களில் பொதுமக்களும் அணிவதை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்று தன் அறிவுரையை மாற்றியது. புதிய நோயைப் பற்றிய அறிவு வளர வளர அறிவுரை மாறுவது இயல்பு. அதில் நான் குறை காணவில்லை. ஆனால் இணையதளத்தில் பழைய அறிக்கையைத் திருத்திவிடலாம், லட்சம் கைபேசிகளில் இறங்கிவிட்ட காணொளியைத் திருத்த முடியாது. அது குழுவிலிருந்து குழுவுக்குத் தாவும்போது வெளியிட்டவர் குறிப்பும் நாளும் உதிர்ந்துபோய், படமும் குரலும் மட்டுமே மிஞ்சுகின்றன.

ஆகவே சுகாதாரத் துறைகளிடம் நான் கேட்பது இதுதான்: தேதியைக் காணொளியின் ஓரத்தில், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை, அழிக்க முடியாதபடி பதியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக அதை வாயாலும் சொல்லுங்கள். விதி மாறினால், புதிய காணொளியின் தொடக்கத்திலேயே பழையதன் காட்சியைக் காட்டி, இது இனிப் பொருந்தாது என்று அறிவியுங்கள். முன்பு சொன்னதை மாற்றுகிறோமே என்று கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தேதி போட்டால் காணொளி சீக்கிரம் பழையதாகிவிடும், பகிர்வு குறையும் என்று யாரேனும் சொல்லக்கூடும். பழைய அறிவுரையின் பகிர்வு குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இதையே கேட்கிறேன்.

அந்த அம்மா ஜூலையில் இரண்டாம் தவணை போட்டுக்கொண்டார். அதற்கு முன்பே அதே காணொளியைத் தம் அக்காவுக்கும் அனுப்பியிருந்தார்.