பாட்டில் மாட்டறதுக்கு முன்னாடி கட்டிலைச் சாய்ச்சுப் பாருங்க

வென்டிலேட்டர்ல இருக்கற பேஷண்டுக்கு பிபி எறங்குச்சுன்னா முக்காவாசி ஐசியுல முதல்ல வர்ற ஆர்டர் ஒண்ணுதான். "சிஸ்டர், ஒரு 500 என்எஸ் ஃபாஸ்ட்டா ஓட விடுங்க." என்எஸ்னா நார்மல் சலைன், உப்புத் தண்ணி, 500ங்கறது எம்எல். யூரின் கொறஞ்சா ஒரு 500, ஹார்ட் ரேட் 120 தாண்டுனா ஒரு 500, லாக்டேட் (உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலன்னா ரத்தத்துல ஏறறது) ஏறிருந்தா ரெண்டு. ஏன் குடுத்தீங்கன்னு ரவுண்ட்ஸ்ல கேட்டா "ட்ரையா இருக்கற மாதிரி தோணுச்சு சார்"ம்பாங்க. தோணுச்சு சரி, எதப் பாத்து தோணுச்சு? அதுக்கு பதில் இருக்காது.

இத டாக்டருங்களுக்கும் ஐசியு சிஸ்டர்ஸுக்கும்தான் எழுதறேன், ஆனா வீட்டு ஆளு ஐசியுல கெடக்கும்போது வாசல்ல நின்னு "ஏன் சார் கை காலெல்லாம் இப்படி வீங்கிப் போச்சு"ன்னு கேட்டவங்களும் படிக்கலாம். அந்த வீக்கத்துல நாங்க ஏத்துன தண்ணிக்கும் பங்கு உண்டு.

ஃப்ளூயிட் குடுக்கறதோட நோக்கமே, ஹார்ட் ஒரு துடிப்புக்கு வெளிய தள்ற ரத்தத்தோட அளவு கூடணும்ங்கறதுதான். 500 எம்எல் உள்ள போனதுக்கு அப்புறம் கார்டியாக் அவுட்புட் (ஹார்ட் ஒரு நிமிஷத்துக்கு வெளிய தள்ற ரத்தம்) 10லேர்ந்து 15% ஏறுச்சுன்னா அவரு ரெஸ்பாண்டர். ஏறலன்னா அந்த 500ம் நுரையீரல்லயும் குடல் சுவத்துலயும் கால்லயும்தான் போய் தேங்கும். காஞ்ச வயல்ல பாய்ச்சுனா மண்ணு இழுக்கும், ஏற்கனவே தண்ணி நிக்கிற வயல்ல பாய்ச்சுனா வரப்பு உடையும், அவ்ளோதான் விஷயம். பிரான்ஸ்ல மிஷாரும் டெபூலும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளத் தொகுத்து 2002ல எழுதுனாங்க, அதுல ரெஸ்பாண்ட் பண்ணவங்க 40லேர்ந்து 72%, மொத்தமா பாத்தா பாதிப் பேரு. அப்போ ரெண்டு பேருக்கு மாட்டுனா ஒருத்தருக்கு சும்மா மாட்டிருக்கோம்.

இத முன்கூட்டியே கண்டுபிடிக்க முன்னாடி எல்லாரும் சிவிபிய, அதாவது ஹார்ட்டுக்குப் பக்கத்துல பெரிய வெயின்ல இருக்கற அழுத்தத்த, நம்பினோம். 8க்குக் கீழ இருந்தா குடு, 12 வந்தா நிறுத்து. 2008ல மாரிக் கூட்டணி சிவிபி ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்து, இதுக்கும் ரெஸ்பாண்ட் பண்றதுக்கும் சம்பந்தமே இல்லன்னு எழுதுனாங்க, அந்தக் கட்டுரைக்கு வச்ச தலைப்புலயே ஏழு பெண் குதிரைங்கள இழுத்து விட்டிருந்தாங்க. ஏன்னா சிவிபிக்கு சாதகமா உருப்படியா ஒரு ஆய்வு இருந்துச்சுன்னா அது நின்னுக்கிட்டிருந்த குதிரைங்ககிட்ட ரத்தம் எடுத்துப் பாத்த ஆய்வுதானாம். குதிரைக்கு வேலை செஞ்சத வச்சு மனுசனுக்கு எவ்ளோ பாட்டில் ஏத்திருப்போம்னு நெனச்சா சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலும் வருது. இன்னமும் சிவிபி பாத்து ஆர்டர் போடற இடங்க இருக்கு.

அடுத்து வந்ததுதான் பிபிவி, பல்ஸ் பிரஷர் வேரியேஷன், மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் உள்ள வித்தியாசம் மூச்சோட சேந்து எவ்ளோ ஆடுதுங்கற கணக்கு. வென்டிலேட்டர் காத்த உள்ள தள்ளும்போது நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி, வலது பக்க ஹார்ட்டுக்கு வர்ற ரத்தம் கொறையும், சில துடிப்பு தள்ளி அது இடது பக்கத்துல தெரியும். ஹார்ட் நெறஞ்சிருந்தா இந்த ஏத்த எறக்கம் சின்னதா இருக்கும், காலியா இருந்தா அலை மாதிரி ஆடும். 2000ல மிஷார் 40 செப்சிஸ் (கிருமித் தொற்றால உறுப்புங்க கெடறது) பேஷண்டுங்கள்ட்ட பாத்து 13%ன்னு ஒரு கோடு போட்டாரு, அதுக்கு மேலன்னா குடு, கீழன்னா குடுக்காத, கிட்டத்தட்ட தப்பே வரல. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். ஆனா கண்டிஷன் பாருங்க. டைடல் வால்யூம் (வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குத் தள்ற காத்து) கிலோவுக்கு 8 எம்எல்லாவது இருக்கணும், பேஷண்ட் சொந்தமா ஒரு மூச்சு கூட இழுக்கக் கூடாது, ஹார்ட் ரிதம் சீரா இருக்கணும், நுரையீரல் ரொம்ப இறுகியிருக்கக் கூடாது, வயித்துக்குள்ள பிரஷர் ஏறியிருக்கக் கூடாது, வலது பக்க ஹார்ட் நல்லா இருக்கணும். பிரான்ஸ்ல 26 ஐசியுல ஒரே நாள்ல கணக்கெடுத்தப்போ இந்தக் கண்டிஷன் எல்லாத்துலயும் தேறுனது நூத்துக்கு ரெண்டு பேருதான். மீதி 98 பேருக்கு மானிட்டர்ல அந்த நம்பர் வந்துக்கிட்டுதான் இருக்கும், அதுதான் ஆபத்து. மெஷின் "இந்தாளுக்கு இது செல்லாது"ன்னு சொல்லாது, நம்பரக் காட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கும்.

அதுலயும் 2000ல ஆர்ட்ஸ்நெட் ஆய்வு வந்ததுக்கு அப்புறம் ஏஆர்டிஎஸ் (நுரையீரல் வீங்கி நீர் கோத்துக்கிற நோய்) பேஷண்டுக்கு கிலோவுக்கு 6 எம்எல் பக்கமா வைக்கணும்ங்கறதுதான் விதி. 12க்கு பதிலா 6 வச்சதுல சாவு 39.8%லேர்ந்து 31%க்கு எறங்குச்சு, அத யாரு விட்டுக் குடுப்பா? ஆனா 6ல பிபிவி பம்முது. இதுக்கு ஒரு வழி சொன்னது நம்ம ஊரு ஆளுங்கங்கறதுல எனக்கு தனி பெருமை. மும்பை டாட்டா மெமோரியல்ல ஷீலா நைனன் மயாத்ரா, திவாட்டியா எல்லாம் டெபூல், மொன்னேங்கற பிரெஞ்சு டாக்டருங்களோட சேந்து 2017ல வெளியிட்டாங்க. ஒரே ஒரு நிமிஷம் டைடல் வால்யூம 6லேர்ந்து 8க்கு ஏத்து, பிபிவி எவ்ளோ மாறுதுன்னு பாரு, 3.5ஓ அதுக்கு மேலயோ கூடுச்சுன்னா ரெஸ்பாண்டர், திரும்ப 6க்கு எறக்கிடு. சின்ன ஆய்வுதான், 20 பேஷண்ட். ஆனா வென்டிலேட்டர் நாப திருப்பறத தவிர எந்த செலவும் இல்லாத யோசனை இது.

சரி, பிபிவிக்கு ஆர்ட் லைன், அதாவது ஆர்ட்டரிக்குள்ள குத்தி வச்ச ட்யூப், வேணும். ஊசி குத்தாம பாக்க என்ன இருக்கு?

வெரல்ல மாட்டற பல்ஸ் ஆக்ஸ் அலையிலயே அந்த ஏத்த எறக்கத்தக் கணக்கு போடற பிவிஐ மாதிரி நம்பருங்க இருக்கு. ஆபரேஷன் தியேட்டர்ல, வெதுவெதுப்பான கையோட தூங்கற பேஷண்டுக்கு பரவால்ல. ஐசியுல பிபிய ஏத்தற நார்அட்ரினலின் ஓடி வெரலெல்லாம் ஜில்லுன்னு இருக்கற ஆளுக்கு அந்த அலையே ஒழுங்கா வராது, அதுல எங்க கணக்கு போடறது. ஷாக்ல இருக்கறவருக்குத்தான் இந்தக் கேள்வியே வருது, ஷாக்லதான் இது சொதப்புது, அதனால எனக்கு இதுமேல பெருசா நம்பிக்கை இல்ல.

அப்புறம் ஐவிசி, வயித்துலேர்ந்து ஹார்ட்டுக்கு வர்ற பெரிய வெயின். எக்கோ மெஷின் ஐசியுக்குள்ள வந்ததுலேர்ந்து ப்ரோப எடுத்து வயித்துல வச்சு ஐவிசி பாக்கறது ஒரு ஃபேஷனாவே ஆயிடுச்சு. 2004ல ரெண்டு பிரெஞ்சு குழு ஒரே நேரத்துல எழுதுனாங்க, மூச்சோட சேந்து அதோட அகலம் எவ்ளோ மாறுனா ரெஸ்பாண்டர்ங்கறதுக்கு பார்பியே 18%ன்னாரு, ஃபெய்சல் 12%ன்னாரு, ரெண்டு பேரோட ஃபார்முலாவும் வேற வேற, நம்ம பசங்க ஒருத்தரோட ஃபார்முலாவுல போட்டு இன்னொருத்தரோட கட்-ஆஃப்ப பாத்து முடிவெடுக்கறத நானே பாத்திருக்கேன். 2017ல வின்யோன் 540 வென்டிலேட்டர் பேஷண்டுங்கள்ட்ட எல்லாத்தையும் சேத்து வச்சு பாத்தப்போ ஐவிசி சுமார்லயும் சுமார். நெஞ்சுக்குள்ள இருக்கற மேல்பக்க பெரிய வெயினான எஸ்விசி எவ்ளோ சுருங்குதுன்னு பாத்தா அதவிட நல்லா சொல்லுச்சு, ஆனா அதுக்கு தொண்டை வழியா ப்ரோப் விடணும். ஐவிசி நல்லா பெருசா அசையாம நின்னா ஃப்ளூயிட் குடுக்க யோசிக்கணும்ங்கறது வரைக்கும் நான் ஒத்துக்கறேன், "ஐவிசி கொலாப்ஸ் ஆகுது, அதனால ஒரு லிட்டர்"ங்கறத ஒத்துக்க மாட்டேன்.

என்னைக் கேட்டா எதுக்கு முன்னாடியும் செய்ய வேண்டியது பேசிவ் லெக் ரெய்ஸ்தான், கட்டிலைச் சாய்ச்சு கால ஒசத்திப் பாக்கறது. காலுலயும் வயித்துலயும் தேங்கியிருக்கற சொந்த ரத்தம் சுமார் 300 எம்எல் ஹார்ட்டுக்கு வரும், பாத்துட்டு திரும்ப எறக்கிட்டா அது திரும்பிப் போயிடும், பாட்டில்ல இருந்து போனது அப்படி திரும்பி வராது. மொன்னே 2006ல 71 பேஷண்டுங்கள்ட்ட பாத்தாரு, ரத்த ஓட்டம் 10% ஏறுனா ரெஸ்பாண்டர், சொந்த மூச்சு இழுக்கறவங்களுக்கும் ரிதம் தாறுமாறா இருக்கறவங்களுக்கும் கூட சரியா வந்துச்சு. பிபிவி காலை வாரி விடற அதே ஆளுங்க.

ஆனா செய்யற லட்சணம் இருக்கே! ரெண்டு பேரு வந்து ஆளுக்கொரு கால புடிச்சு தூக்கி, மானிட்டர்ல பிபி பாத்துட்டு "ஏறல சார்"ன்னு கால கீழ போட்டுட்டு போயிடறாங்க. இது அந்த டெஸ்டே இல்ல. பேஷண்ட் தலைப்பக்கம் 45 டிகிரி ஒசந்து சாஞ்சு இருக்கணும், அங்கேருந்து கட்டிலையே சாய்ச்சு தலைப்பக்கம் மட்டமாகி, கால் 45 டிகிரி மேல வரணும், அப்பதான் வயித்து ரத்தமும் சேந்து வரும். கையால கால தூக்குனா வலியில முழிச்சுக்கிட்டு ஹார்ட் ரேட் ஏறி பொய்யா ஒரு ரிசல்ட் வரும். சக்ஷன் போட்டு இருமிக்கிட்டு இருக்கும்போது செய்யக் கூடாது. பாக்க வேண்டியது பிபி இல்ல, கார்டியாக் அவுட்புட், அதுவும் மொத ஒரு நிமிஷத்துக்குள்ள, ஏன்னா அதுக்கு மேல அந்த ஏத்தம் தங்காமயும் போகலாம். எக்கோ இருந்தா நெஞ்சுல ப்ரோப வச்சபடியே விடிஐ (ஒரு துடிப்புக்கு எவ்ளோ ரத்தம் போகுதுன்னு காட்டற அளவு) அளக்கலாம், முன்னாடி ஒரு தடவ, சாய்ச்சதும் ஒரு தடவ, திரும்ப பழைய நிலைக்கு வந்தப்புறம் ஒரு தடவ, மூணும் எழுதி வைக்கணும்.

எக்கோ பாக்கத் தெரிஞ்சவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு இல்லையா? ட்யூப்ல மாட்டியிருக்கற எண்ட்-டைடல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது மூச்சு வெளிய விடற கடைசில வர்ற கார்பன் டை ஆக்சைடோட அளவு, இருக்கே. வென்டிலேட்டர் செட்டிங் மாறாம, பேஷண்ட் சொந்தமா மூச்சு இழுக்காம இருந்தா, அந்த நம்பர் நுரையீரலுக்குப் போற ரத்தத்தோட சேந்துதான் ஏறும் எறங்கும். சாய்ச்சதும் 5% ஏறுனா ரெஸ்பாண்டர்னு நம்பலாம், ஏறலன்னா இல்லன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. 35ல 5%ங்கறது ரெண்டு கூட இல்ல, அதனால கண்ண மானிட்டர்லேர்ந்து எடுக்கக் கூடாது.

இப்ப இன்னொரு கசப்பான விஷயம். 2015ல ஃபெனிஸ்னு ஒரு ஆய்வு, 46 நாட்டுல 2213 பேஷண்டுங்க, டாக்டருங்க நெஜத்துல எப்படி ஃப்ளூயிட் குடுக்கறாங்கன்னு சும்மா கவனிச்சது. குடுக்கறதுக்கு முன்னாடி எதையுமே பாக்காதவங்க நூத்துக்கு 43. அது கூட பரவால்ல. ஒரு தடவ குடுத்து வேலை செய்யலன்னு அவங்களே முடிவு பண்ண பேஷண்டுங்களுக்கும், வேலை செஞ்சவங்களுக்கு குடுத்த அதே அளவுக்கு மறுபடி குடுத்திருக்காங்க! அப்ப பிரச்சினை மெஷின் இல்லாததா? இல்லவே இல்ல. பிபி எறங்கி நிக்கும்போது எதையாவது செய்யணும்னு கை பரபரக்குது, பாட்டில் பக்கத்துலயே தொங்குது.

இதுக்கு எதிர்க்கட்சி பேசறவங்க 2022ல வந்த கிளாசிக், 2023ல வந்த க்ளோவர்ஸ்ங்கற ரெண்டு ஆய்வையும் தூக்கிட்டு வருவாங்க. கம்மியா குடுத்தாலும் தாராளமா குடுத்தாலும் சாவுல வித்தியாசம் இல்லையே, அப்புறம் எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சின்னு. நியாயமான கேள்வி. ஆனா அந்த ரெண்டுலயும் கேட்டது கம்மியா அதிகமான்னுதான், யாருக்குன்னு கேக்கல. யாருக்குன்னு கேட்டது 2020ல வந்த ஃப்ரெஷ், கால தூக்கிப் பாத்து ஃப்ளூயிட் முடிவு பண்ண குழுவுல தண்ணி தேக்கம் சராசரியா 1.37 லிட்டர் கொறவு, டயாலிசிஸ் 17.5%க்கு பதிலா 5.1%, வென்டிலேட்டர் தேவைப்பட்டதும் பாதியாச்சு. 124 பேருதான், இத வச்சு சட்டம் போட முடியாது, ஆனா எந்தப் பக்கம் காத்தடிக்குதுன்னு எனக்குத் தெரியுது.

இன்னொண்ணு, ரெஸ்பாண்டர்னு வந்தா உடனே குடுக்கணும்னு அர்த்தமில்ல. இத படிக்கற உங்களையும் என்னையும் கட்டில்ல படுக்க வச்சு கால தூக்குனா நாமளும் ரெஸ்பாண்டர்தான், நமக்கு யாரும் சலைன் ஏத்தறதில்ல. மொதல்ல ரத்த ஓட்டம் பத்தலங்கறதுக்கு அறிகுறி இருக்கணும், நகத்த அழுத்தி விட்டா நெறம் திரும்ப நேரமாகணும், முட்டி திட்டு திட்டா நீலமாகியிருக்கணும், லாக்டேட் ஏறியிருக்கணும், அதோட நுரையீரல் தாங்கற நெலமையில இருக்கணும். வென்டிலேட்டர்ல 80% ஆக்சிஜன் வச்சு ஓடற ஏஆர்டிஎஸ் பேஷண்டு ரெஸ்பாண்டரா இருந்தாலும் நான் மொதல்ல நார்அட்ட கொஞ்சம் ஏத்திப் பாப்பேன். செப்சிஸ்ல ஆரம்ப மூணு மணி நேரத்துக்கு கிலோவுக்கு 30 எம்எல்ங்கற கைட்லைன கூட 2021ல பலமான பரிந்துரைலேர்ந்து பலவீனமானதா எறக்கிட்டாங்க.

கால தூக்கக் கூடாத ஆளுங்களும் உண்டு. தலையில அடிபட்டு மூளை பிரஷர் ஏறியிருக்கறவங்க, இடுப்பெலும்பு ஒடஞ்சவங்க, கால்ல இறுக்கமா ஸ்டாக்கிங்ஸ் போட்டிருக்கறவங்க. வயித்து பிரஷர் ஏறியிருந்தா ரத்தம் மேல வராம ரிசல்ட் தப்பா போகும். அவங்களுக்கு நான் 100 எம்எல் மட்டும் ஒரு நிமிஷத்துல விட்டு விடிஐ பாக்கறேன். அது ஏறலன்னா மிச்ச 400ஐ கழட்டி வச்சிட சொல்லிடுவேன்.