‘நீங்க’ன்னு கேட்டிருக்க மாட்டான்

நியூ ஜெர்சியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு இந்த ஆண்டு ஆங்கிலப் பாடத்தில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. ஹார்ப்பர் லீ எழுதி 1960-இல் வெளிவந்த நாவல். மறு ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கியது, 1962-இல் கிரிகரி பெக் நடித்துப் படமாகவும் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் அலுவலக நண்பர்கள் அநேகமாக எல்லோரும் பள்ளியில் படித்த புத்தகம்.

படிக்காதவர்களுக்காகக் கதை கொஞ்சம். 1930-களின் அலபாமா. மேகோம்ப் என்கிற கற்பனை ஊர். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி மீது, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய் வழக்கு. அவருக்காக வாதாடுகிறார் ஆட்டிகஸ் ஃபிஞ்ச் என்ற வெள்ளை வழக்கறிஞர். அவருடைய சின்ன மகள் ஸ்கவுட்தான் கதை சொல்கிறாள்.

மகள் கொண்டுவந்த ஒர்க்‌ஷீட்டைப் பார்த்தேன். ஆட்டிகஸின் துணிச்சலுக்கு மூன்று சான்றுகள் தருக. மாக்கிங்பேர்ட் எதன் குறியீடு? ஸ்கவுட்டின் பார்வை எப்படி மாறுகிறது? நாலு பக்கத்தில் டாமைப் பற்றி இருந்தது ஒரே ஒரு கேள்வி. அவர் நிரபராதி என்பதை ஆட்டிகஸ் எப்படி நிறுவுகிறார் என்பது. டாமைப் பற்றிய கேள்விக்கும் விடை ஆட்டிகஸ்தான்.

அந்த வாரம் கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தார். பேத்தி என்ன படிக்கிறாள் என்று கேட்க, அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கதை சொல்ல ஆரம்பித்தாள். நீதிமன்றக் காட்சி வந்தது. “ஆச்சி, அப்போ அரசு வக்கீல் டாமைப் பார்த்துக் கேட்டார், ‘நீங்க எதுக்கு அந்த வீட்டுக்குள்ள போனீங்க?’ன்னு.”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது. “அப்படிக் கேட்டிருக்க மாட்டாம்ட்டி. ‘எதுக்குலே உள்ள போன’ன்னுதான் கேட்டிருப்பான்.”

மகள் விழித்தாள். பெரியவர்கள் எல்லோரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டாமுக்கு 25 வயது, கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அவள் கணக்கில் அவர் ‘நீங்க’தான். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலே இல்லை, ஒரே ‘யூ’ எல்லோருக்கும் போதும். தமிழில் வாயைத் திறந்தவுடன் யார் மேலே, யார் கீழே என்று முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. தலை நரைத்த ஆளைப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. புத்தகத்தின் ஒரு வரிகூடப் படிக்காமல் அந்த நீதிமன்றத்துக்குள் நேராகப் போய்விட்டார்.

மகள் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து 19-ஆம் அத்தியாயத்தைப் புரட்டினாள். இருந்தது. அரசு வக்கீல் டாமை ‘பாய்’, அதாவது ‘பையா’ என்றுதான் கூப்பிடுகிறார். அந்த ஏளனம் பொறுக்காமல்தான் டில் என்கிற சிறுவன் அழுதுகொண்டே வெளியே போகிறான். வகுப்பில் வாசித்தபோது அந்தச் சொல் அவள் காதில் விழவே இல்லையாம்.

அதோடு விடவில்லை அவள். 12-ஆம் அத்தியாயத்தில் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். ஃபிஞ்ச் வீட்டுச் சமையல்காரரான கல்பர்னியா, ஸ்கவுட்டின் அண்ணன் ஜெம்மைத் திடீரென்று ‘மிஸ்டர் ஜெம்’ என்று கூப்பிட ஆரம்பிக்கிறார். அவனுக்கு வயது 12. அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. இவன் மிஸ்டர், மூன்று பிள்ளைகளின் தகப்பன் ‘பாய்’. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். இதை எழுதும்போது எனக்கே டாமுக்கு ‘அவன்’ என்றுதான் கை போனது. அழித்துவிட்டு ‘அவர்’ என்று மாற்றினேன்.

அப்புறம் அந்த நீதிமன்றக் காட்சியின் உச்சம். புகார் சொன்ன பெண்ணுக்குக் கூலி வாங்காமல் ஏன் அத்தனை வேலை செய்து கொடுத்தாய் என்று வக்கீல் கேட்கிறார். பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறார் டாம். வக்கீல் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது டாமுக்கும் உடனே புரிகிறது. ஐயோ பாவம் என்று சொல்ல முதலில் ஒருவர் மேலே நிற்க வேண்டும். பண்ணையில் கூலி வேலை செய்கிறவர் முதலாளி வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பாவம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா? அவளுக்கு அன்பு காட்ட ஆளில்லை என்று கண்டுகொண்ட ஒரே மனிதர் டாம். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த அந்த ஜூரி அதை மன்னிக்கவில்லை, டாமைக் குற்றவாளி என்றது. நாவலிலேயே ஈரமான இடம் இதுதான் என்பேன். ஒர்க்‌ஷீட்டில் இதற்கு ஒரு கேள்வி இல்லை.

என் மனக்குறை இதுதான். ஆட்டிகஸ் நல்லவர், சந்தேகமில்லை. ஆனால் அவருக்குச் சிலை வைப்பதே பாடமாகிவிட்டால், சிறை வேலி ஏறும்போது பதினேழு குண்டு பாய்ந்து செத்த டாம் அந்தச் சிலையின் பீடமாகத்தான் மிஞ்சுகிறார்.

புத்தகத்தையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 1966-இல் வர்ஜீனியாவின் ஹனோவர் கவுன்டி பள்ளி வாரியம் ஒழுக்கக்கேடான நூல் என்று சொல்லி இதைத் தள்ளியது. 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்சியில் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்தபோது, அதன் மொழி சங்கடம் தருகிறது என்றார்கள். 2022 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் முக்கில்டியோவில் நடந்தது வேறு. அங்கே ஆசிரியர்களே கேட்டு, ஒன்பதாம் வகுப்புக் கட்டாயப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினார்கள். விரும்பினால் நடத்தலாம். கறுப்பினப் பாத்திரங்களுக்கு இதில் குரலே இல்லை என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அதை என்னால் தள்ள முடியவில்லை.

ஏனென்றால் என் மகளின் வகுப்பில் நடந்ததைக் கேட்டேன். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் அந்த ஒரு சொல் நாவலில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை வருகிறது. சத்தமாக வாசித்துக்கொண்டு போன மாணவன் அந்த இடத்தில் நிற்கவில்லை, ஆசிரியரும் நிறுத்தவில்லை. வகுப்பே திரும்பி, அங்கே இருந்த ஒரே கறுப்பினப் பையனைப் பார்த்ததாம். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினானாம். கட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி கட்டினான் என்றாள் மகள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லைப் புத்தகத்திலிருந்து அழிக்க வேண்டாம். பதினாலு வயதுப் பிள்ளைகள் உரக்க வாசிக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடத்துவதற்கு முன் ஒரு மணி நேரம் அதன் வரலாற்றைப் பேசியிருந்தால் அந்தப் பையன் குனிந்திருக்க வேண்டாம்.

ஆக, புத்தகம் இருக்கட்டும். கூடவே வால்டர் மெக்மில்லியனின் கதையையும் நடத்துங்கள் என்கிறேன். ஹார்ப்பர் லீயின் சொந்த ஊர், அலபாமாவில் உள்ள ‘மன்ரோவில்’ (Monroeville). பழைய நீதிமன்றத்தை அருங்காட்சியகமாக்கி அந்த நாவலைக் கொண்டாடும் ஊர். அதே ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொல்லப்பட்ட வழக்கில் 1987-இல் கைதானார் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் இருந்ததற்கு உறவினர்களும் தேவாலயத்து ஆட்களுமாக எத்தனையோ சாட்சிகள். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது, நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் போராடியதில், 1993-இல்தான் மெக்மில்லியன் வெளியே வந்தார். நாவல் வந்து 33 ஆண்டுக்குப் பிறகு. டாம் ராபின்சன் பழங்காலத்து ஆள் என்று எந்தப் பிள்ளையும் நினைத்துக்கொண்டு வகுப்பைவிட்டுப் போகக் கூடாது.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகளிடம் கேட்டார், “அந்தச் சமையல்கார அம்மாவுக்கு வீடு வாசல், புள்ள குட்டி இருக்கா?” இருக்கிறது. மூத்த மகன் பெயர் ஸீபோ. “சரி, இந்தப் புள்ளைக அவ வீட்டுக்கு என்னைக்காவது போச்சா?”

மகளுக்குத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடினாள். 12-ஆம் அத்தியாயக் கடைசியில் ஸ்கவுட், உன் வீட்டுக்கு வரட்டுமா என்று கல்பர்னியாவிடம் கேட்கிறாள். எப்போது வேண்டுமானாலும் வா என்கிறார் அவர். 14-இல் அத்தை ஒரே பேச்சில் கூடாது என்று சொல்லிவிடுகிறாள். கடைசிப் பக்கம்வரை ஸ்கவுட் போகவே இல்லை.

ஆட்டிகஸின் துணிச்சலைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஸ்கவுட் போகாத அந்த வீட்டைப் பற்றி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள்.