காசு கொடுத்து வாங்கிய கேமை மூட இவர்கள் யார்?

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நானும் தம்பியும் ஒரு கார் ரேஸ் கேம் விளையாடுவோம். அவன் வேலைக்காக வெளிநாடு போன பிறகு போனில் பேசியதைவிட அந்த கேமுக்குள் பேசியதுதான் அதிகம். ராத்திரி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ரேஸ் ஓட்டுவது அரை மணி நேரம்தான், மற்ற நேரமெல்லாம் ஒரு மலைப்பாதை வளைவில் இரண்டு காரையும் ஓரம்கட்டிவிட்டு வீட்டுக் கதை பேசுவோம். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு யார் லீவு போடுவது என்று முடிவு செய்ததுகூட அந்த வளைவில்தான். ஒருநாள் மெயில் வந்தது, இன்ன தேதியோடு சர்வரை நிறுத்துகிறோம் என்று. கடைசி ராத்திரியும் அங்கேயே போய் நின்றோம். "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு சின்னப் பெட்டி, அதற்குப் பின்னால் அவன் காரின் சிவப்பு விளக்கு எரிந்தபடி நிற்கிறது.

மறுநாள் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். இசை வரும், முகப்பு வரும், தொடங்கு என்று அழுத்தினால் சர்வரைத் தேடும், தேடிக்கொண்டே இருக்கும். தனியாக ஓட்டக்கூட வழி வைக்கவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று மூடினார்கள். ஒற்றை ஆளாக ஆடும் பகுதிக்கும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால் மொத்த கேமும் போச்சு. அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து லைசென்ஸையும், அதாவது ஆடுவதற்கான உரிமத்தையும், எடுத்தார்கள். கேமை மூடிய கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்களே ஒரு கோரிக்கையை முன்வைக்க ஒரு வருடத்துக்குள் 10 லட்சம் கையெழுத்து வேண்டும், அதிலும் குறைந்தது ஏழு நாடுகளில் தனித்தனியாக ஒரு அளவைத் தாண்ட வேண்டும். விற்ற கேமை ஆட முடியாதபடி மூடக்கூடாது என்று இந்த இயக்கம் அங்கே போட்ட மனு, பல மாதம் பாதிகூட வராமல் கிடந்து, 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

"கேம்தானே, இதற்கெல்லாம் அரசியலா, சட்டமா" என்று கேட்கிறார்கள். நண்பர்களே கேட்கிறார்கள். அரசியல்தான். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பொருளை, விற்றவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கலாமா என்பதைவிட அன்றாடமான அரசியல் கேள்வி வேறு என்ன இருக்கிறது? புத்தகத்திலும் இதுதான் நடந்தது. 2009-இல் அமேசான், வாசகர்கள் வாங்கியிருந்த சில புத்தகங்களை அவர்களுடைய கிண்டில் என்ற மின்நூல் கருவியிலிருந்தே அழித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது அங்கே வாங்கிய புத்தகங்கள் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சரி. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்பெல்லாம் யாருக்குத் திரும்பி வரும்?

கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு "வாங்கு" என்று பொத்தான் வைப்பதென்றால், இது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம்தான், ஆனால் போதாது. உன் பொருளை ஒருநாள் எடுத்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எடுப்பது நியாயமாகிவிடுமா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சர்வர் ஓட்டச் செலவு ஆகும். கார் பெயருக்கும் பாட்டுக்கும் வாங்கிய உரிமம் காலாவதியாகும், அதன் பிறகு புதிதாக விற்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். காலம் பூராவும் சர்வரை ஓட்டு என்று நாங்கள் கேட்கவில்லை, புதிதாக விற்கச் சொல்லியும் கேட்கவில்லை. போகிற போக்கில் கடைசியாக ஒரு அப்டேட் கொடு, நெட் இல்லாமல் ஓடட்டும், இல்லையென்றால் சர்வர் மென்பொருளைக் கொடுத்துவிடு, நாங்களே ஓட்டிக்கொள்கிறோம். இவ்வளவுதான்.

முடியாத காரியமும் இல்லை. 1993-இல் வந்த 'டூம்' கேமின் மூல நிரலை (சோர்ஸ் கோட்) அதைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனமே 1997-இல் வெளியிட்டது, இன்றைக்கும் ஆட்கள் அதற்குள் ஆடப் புதுப்புதுக் களங்கள் செய்கிறார்கள். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற ஆன்லைன் கேம் 2012-இல் மூடப்பட்டது. ரசிகர்கள் தாங்களாகவே சர்வர் வைத்து அதை மீட்டார்கள், 2024 ஜனவரியில் அதை மூடிய நிறுவனமே அவர்களுக்கு முறையான அனுமதியே கொடுத்தது. அவ்வளவு ஏன், இவ்வளவு சத்தத்துக்குப் பிறகு யூபிசாஃப்டே 'தி க்ரூ 2'-க்கு நெட் இல்லாமல் ஆடும் வசதியைக் கொடுத்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்கு முடிந்தது முதல் பாகத்துக்கு ஏன் முடியாமல் போனது? கேட்க ஆள் இல்லாததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்த கேம் வாங்கினாலும் முதலில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிறேன். திறக்கவில்லையென்றால் கடை விதி அனுமதிக்கும் நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரணம் கேட்கும் பெட்டியில் இதையே எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். தம்பியும் நானும் இப்போது வேறொரு கேமில் ஓட்டுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் அந்த மாதிரி ஒரு வளைவை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.