பயிற்சிக் களத்துக்கு எதற்குச் சர்வர்?

ராணுவ ஷூட்டர் கேம் வாங்கப்போகிறவர்கள் கிராபிக்ஸ் எப்படி, எத்தனை மேப் (ஆடும் களம்), எத்தனை துப்பாக்கி என்று விசாரிக்கிறார்கள். நான் முதலில் விசாரிப்பது வேறு. இணையத்தைத் துண்டித்துவிட்டு உட்கார்ந்தால் இதில் நான் என்ன செய்ய முடியும்? சுட்டுப் பழக ஒரு களம் இருக்கிறதா? எதிரில் நிற்க, கணினியே இயக்கும் பாட்கள் இருக்கின்றனவா? கதை முடிந்த பிறகு கையில் எதையாவது கொடுக்கிறார்களா? இவையெல்லாம் ஒப்புக்குச் சேர்ப்பவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கேமை யாரெல்லாம் ஆட முடியும், அது எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பதை முடிவு செய்பவையே இவைதான் என்பது என் எண்ணம். சற்று நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007-இல் வந்த 'கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர்' எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? இங்கிலாந்தின் கிரெடன்ஹில்லில் உள்ள, பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ்ஸின் முகாம். நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கும் சோப் மெக்டாவிஷ். சக வீரர் காஸ் உங்களை ரைபிளை எடுக்கச் சொல்கிறார், குறிபார்க்கச் சொல்கிறார், மரப்பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் இலக்கைப் பலகையோடு சேர்த்துத் துளைக்கச் சொல்கிறார். கத்தி பழக ஒரு தர்பூசணி. அதன் பிறகு கேப்டன் பிரைஸ், ஒட்டுப்பலகையால் கட்டிய சரக்குக் கப்பல் மாதிரிக்குள் உங்களை அனுப்புகிறார். கயிற்றில் இறங்கி, அறை அறையாகப் பலகை மனிதர்களைச் சுட்டு, கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் குண்டு வீசிக்கொண்டு ஓட வேண்டும். காஸின் சாதனை 19 விநாடி என்று சொல்லி உசுப்பேற்றுகிறார்கள். நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்து, எந்தக் கடினநிலையில் ஆடினால் உங்களுக்குச் சரிப்படும் என்று கேமே பரிந்துரைக்கிறது.

அடுத்த மிஷனில் பெரிங் நீரிணையில், அடிக்கிற மழையில், ஹெலிகாப்டரிலிருந்து உண்மையான கப்பலில் இறங்குகிறீர்கள். ஒட்டுப்பலகைக் கப்பலில் ஓடிய கை இப்போது தானாக வேலை செய்கிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று திரையில் எழுதிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. பயிற்சியைக் கதையின் முதல் அத்தியாயமாக மாற்றிய அந்த வேலையை நான் இன்றும் வியக்கிறேன். கடினநிலையைப் பரிந்துரைத்ததில் இருந்த மரியாதையைக் கவனியுங்கள். 'நீ மெதுவானவன்' என்று அது சொல்லவில்லை. உனக்கு ஏற்ற கதவு இது என்று காட்டிவிட்டு, முடிவை உன்னிடமே விட்டது.

2009-இல் வந்த அடுத்த பாகத்தில் களம் ஆப்கானிஸ்தானுக்கு மாறியது. 'பிட்' என்ற பள்ளத்துக்குள் ஓடும்போது எதிரிப் பலகைகளுக்கு நடுவே பொதுமக்கள் உருவம் வரைந்த பலகைகளும் எழும்பும். அவற்றில் ஒன்றைச் சுட்டுவிட்டால் உங்கள் நேரத்தோடு தண்டனை சேரும். ராணுவ ஷூட்டர்களில் சுடாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் பெரும்பாலும் பயிற்சிக் களம் மட்டுமே என்பது என்னை நெடுநாளாகக் குடைகிற விஷயம். இணையத்தில் பலர் மோதும் மல்டிபிளேயரில் பொதுமக்கள் என்ற பேச்சே கிடையாது, அசைவதெல்லாம் எதிரி.

இந்த வகையில் யாரும் எட்டாத தூரத்துக்குப் போனது 'அமெரிக்காஸ் ஆர்மி'. அமெரிக்க ராணுவமே 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியிட்டது. ஆள் சேர்ப்பதற்காகச் செய்யப்பட்டது என்ற விமர்சனம் அதன் மேல் உண்டு. அது சரியான விமர்சனம், நானும் அதே கருத்துடையவன்தான். ஆனால் அதன் பயிற்சிப் பகுதியை மறக்க முடியாது. மருத்துவ வீரராக ஆட வேண்டுமென்றால் வகுப்பறையில் உட்கார்ந்து, மூச்சுப்பாதையைச் சரிபார்ப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது பற்றிய பாடத்தைக் கேட்டு, தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அந்தப் பாத்திரமே கிடையாது. பயிற்சியாளரைச் சுட்டால் நேராக லெவன்வொர்த் என்ற ராணுவச் சிறையின் அறைதான். அந்த வகுப்பில் கற்றதை வைத்து, வட கரோலினாவில் நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு ஒரு ஆட்டக்காரர் முதலுதவி செய்தார் என்ற செய்தி 2008-இல் பரவலாக வெளியானது. ஒரு வீடியோ கேமின் பயிற்சி வகுப்பு, ஒரு சாலையோரத்தில் உண்மையான காயத்துக்குக் கட்டுப்போட உதவியிருக்கிறது. சேர்க்காமலே விட்டிருந்தால் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள் என்ற பகுதி அது.

பயிற்சியை ஆட்டக்காரர்களே ஒரு கலையாக வளர்த்தெடுத்தது கவுன்டர் ஸ்ட்ரைக்கில். அந்த வரிசையில் 2004-இல் வந்த 'கண்டிஷன் ஜீரோ'வில் பாட்கள் முறையாகவே சேர்க்கப்பட்டன. நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் எட்டுக் கணினிகளை ஒரே லேனில் (LAN, உள்ளக வலையமைப்பு) இணைத்து ஆடிய தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். ஆள் குறைந்தால் பாட் வரும், ஆட்டம் நிற்காது. பிறகு 2012-இல் அதே வரிசையில் சிஎஸ்: கோ வந்தபோது ஆட்டக்காரர்களே பயிற்சிக்கென்று தனி மேப்கள் செய்து குவித்தார்கள். ஏகே-47-இன் முப்பது தோட்டாக்களையும் ஒரே பிடியில் சுட்டால் துப்பாக்கி முதலில் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கோலம்தான். அதற்கு எதிர்த்திசையில் மவுஸை இழுக்கக் கை பழகிவிட்டால், சுவரில் தெறிக்கும் துளைகள் மெல்ல மெல்ல ஓர் இடத்தில் குவியும். சுவரை மட்டுமே சுட்டு இரவைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். புகை கிளப்பி மறைக்கும் ஸ்மோக் கிரனேட் எறிவது அதற்கு மேல். எந்தச் சுவர் மூலையில் நின்று, வானத்தில் எந்தக் கம்பியின் நுனியைப் பார்த்து எறிந்தால் எங்கே போய் விழும் என்று அளந்து வைத்திருப்பார்கள். கன்சோல் என்ற கட்டளைப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால் கிரனேட் போகும் பாதை கோடாகத் தெரியும். இவ்வளவும் எதிரில் மனிதர் ஒருவர்கூட இல்லாமல் நடக்கிறது.

இது யாருக்குப் பயன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் கணினியைத் திறக்கும் என்னைப் போன்ற நடுவயதுக்காரர்களுக்கு. பதினாறு வயதுப் பையனின் விரல் வேகத்தோடு நாங்கள் மோத முடியாது, மோதவும் வேண்டாம். ஆட்டம் மட்டும் பிடிக்கும். பிங் (சர்வரிடமிருந்து பதில் வர ஆகும் நேரம்) இருநூறு மில்லிவிநாடியைத் தொடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு. ஒரு கையால் மட்டுமே ஆடக்கூடியவர்களுக்கு. பொத்தான்களைத் தங்கள் வசதிக்கு மாற்றிப் பார்க்க, யாரும் அவசரப்படுத்தாத ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். என் தோழி ஒருவர் வாய்ஸ் சாட்டில் குரல் கேட்டவுடனே வந்து விழும் வசைகளுக்காகவே பொதுச் சர்வர்களை விட்டு விலகி, பாட்களோடு மட்டும் ஆடுகிறார். துல்லியமான கை அவருக்கு. பாட்கள் இல்லையென்றால் இந்த வகை கேம்களிலிருந்தே அவர் வெளியேறியிருப்பார்.

கூடுதல் அம்சங்கள் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதே கால் ஆஃப் டியூட்டி 4-இல் மிஷன்களுக்குள் முப்பது லேப்டாப்கள் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடி எடுக்க எடுக்க ஒவ்வொரு விளையாட்டுத்தனம் திறக்கும். ஒன்றில் திரை பழைய மௌனப்படம்போலக் கறுப்பு வெள்ளையாகி, பியானோ இசையோடு எல்லோரும் வேகவேகமாக ஓடுவார்கள். இன்னொன்றில் சுடப்பட்ட எதிரி டயர்களாகச் சிதறுவான். கதையை முடித்தவருக்குப் பழைய ஆர்கேட் பாணியில் புள்ளிகளுக்கு ஆடும் முறை கிடைக்கும். பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பிறகு விமானத்துக்குள் குறித்த நேரத்துக்குள் பணயக்கைதியை மீட்கும் மிஷன் வரும். அதை உச்சக் கடினநிலையில் முடித்தவர்கள் இன்றும் மார்தட்டிக்கொள்கிறார்கள், தட்டிக்கொள்ளத் தகுதியும் உண்டு. 2008-இல் 'வேர்ல்ட் அட் வார்' கதையை முடித்தவர்களை ஜோம்பிகள் சூழ்ந்த ஒரு பாழடைந்த கட்டடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கடைசியில் ஒட்டிய அந்தச் சின்ன இணைப்பு, பின்னாளில் பலர் அதற்காகவே கேம் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. 2010-இன் 'பிளாக் ஆப்ஸ்' மெனுவிலேயே ஒரு ரகசியம். நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் நீங்கள் திமிறி எழுந்து, பின்னால் இருக்கும் பழைய கணினியில் தட்டச்சு செய்தால், 1980-இல் விற்பனைக்கு வந்த 'சோர்க்' என்ற எழுத்து விளையாட்டு முழுமையாகத் திறக்கும்.

இவை எதற்கும் தனிக் காசு கேட்கவில்லை. தேடியவனுக்குப் பரிசு, விடாமுயற்சிக்குப் பரிசு. இன்று அந்த இடத்தில் கடை திறந்திருக்கிறார்கள். துப்பாக்கிக்கு நிறம் மாற்றக் காசு, ஆட ஆடப் பரிசுகள் திறக்கும் பேட்டில் பாஸுக்குக் காசு, பல கேம்களில் அந்தப் பாஸுக்கும் காலாவதித் தேதி. சீசன் முடிவதற்குள் ஆடி முடிக்காவிட்டால் கட்டிய பணத்துக்கான பொருள் கைக்கு வராது. ஒளித்து வைத்து மகிழ்விப்பதும், காலக்கெடு வைத்துப் பதற்றப்படுத்துவதும் ஒன்றாகுமா?

எல்லாக் கூடுதல் அம்சங்களிலும் நான் மிக உயர்வாக மதிப்பது மிஷன் எடிட்டரை. செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் உருவாக்கி 2001-இல் வெளிவந்த 'ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட்' உடன் ஓர் எடிட்டரும் வந்தது. வரைபடத்தில் வீரர்களை நிறுத்தி, அவர்கள் போகவேண்டிய வழியைக் கோடிட்டு, நிபந்தனைகள் எழுதி, வாங்கியவர் எவரும் தனக்கான போரை உருவாக்கலாம். அந்தத் தாராளம் அவர்களுடைய அடுத்தடுத்த ஆர்மா கேம்களிலும் தொடர்ந்தது. 2012-இல் டீன் ஹால் 'ஆர்மா 2'வை மாற்றியமைத்து 'டேஇசட்' என்ற மாட் (mod, இருக்கும் கேமின் மேல் கட்டும் மாற்று வடிவம்) செய்தார். அதன் மேல் பிரெண்டன் கிரீன் கடைசி ஆள் நிற்கும்வரை மோதும் முறையைக் கட்டினார். அதே கிரீன் 2017-இல் தந்ததுதான் பப்ஜி. ஒவ்வொரு தெருவிலும் பிள்ளைகள் கைபேசியைச் சாய்த்துச் சாய்த்து ஆடிய அந்த கேமின் கொடிவழி இதுதான். வாங்கியவர்களை நம்பி எடிட்டரைத் திறந்துவிட்ட ஒரு நிறுவனம் அதன் தொடக்கத்தில் நிற்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2020 செப்டம்பர் 2 அன்று இந்தியாவில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. அக்டோபர் 30 அன்று சேவையே முற்றாக நின்றது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம். என் கேள்வி சிறியது. பப்ஜியின் பயிற்சிக் களமான ட்ரெயினிங் கிரவுண்டில் மேசை மேல் துப்பாக்கிகள் இருக்கும், தூரத்தில் பலகை இலக்குகள் இருக்கும். விரலசைவுக்குக் குறி நகரும் வேகமான சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் கூட்டி, கைபேசியைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவைக் கொஞ்சம் குறைத்து, நாலு தோட்டா சுட்டுப் பார்க்கும் இடம் அது. என் அண்ணன் மகன் அங்கேயே மணிக்கணக்கில் இருப்பான். அவனுடைய கைபேசியில், அவன் மட்டும், பலகையைச் சுடுவதற்கு எங்கோ இருக்கும் சர்வரின் அனுமதி எதற்கு? பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதத்தில் திரும்பியது. பயிற்சிக் களம் இன்றைக்கும் சர்வரோடுதான் கட்டப்பட்டிருக்கிறது.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2005-இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2'வில் தனியாளாகப் பாட்களோடு ஆடலாம். அதன் ஆன்லைன் சேவை 2014-இல் மூடப்பட்டது. அந்த வட்டை வைத்திருப்பவர் இன்றும் டாங்கியில் ஏறி, பாட்கள் நிறைந்த மேப்பில் கொடியைப் பிடிக்கலாம். அதே வரிசையில் 2021-இல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 2042'விலும் பாட்களோடு ஆடும் முறை உண்டு. ஆனால் அதற்கும் இணையம் வேண்டும். பதினாறு ஆண்டுகளில் நாம் பெற்ற வளர்ச்சி இதுதானா? பாட்களை எழுத அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பப்ஜியில் ஆள் குறைந்த ஆட்டங்களை நிரப்புவதே பாட்கள்தான். தங்களுக்குத் தேவைப்படும் இடத்தில் தாராளமாக இறக்குபவர்கள், ஆட்டக்காரர் கேட்கும்போது மட்டும் செலவு, பராமரிப்பு என்று கணக்குச் சொல்கிறார்கள். 'ரேவன்ஃபீல்ட்' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் தொடங்கிய வேலை. 2017-இல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. முழுக்க முழுக்கத் தனியாளுக்கானது, படை படையாகப் பாட்கள், ஆட்டக்காரர்கள் செய்து பகிரும் மேப்களும் துப்பாக்கிகளும் ஏராளம். தனி மனிதரால் முடிந்தது, நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஸ்டூடியோவால் முடியாதா?

சர்வரை நிறுத்தும்போது விற்ற கேமை ஆடத்தக்க நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பாவில் ஓர் இயக்கம் நடக்கிறது. 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேம் 2024 மார்ச்சில் முடக்கப்பட்டதை அடுத்து எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களுடைய கோரிக்கைக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டினார்கள். ஒரே இரவில் கேம் கையைவிட்டுப் போவதை நம் நாட்டு ஆட்டக்காரர்கள் 2020-லேயே அனுபவித்துவிட்டார்கள். நுகர்வோர் உரிமை பற்றிப் பேசும் நண்பர்கள் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள். பயிற்சிக் களமும் பாட்களும் இணையம் இல்லாமல் இயங்குமா என்பதை விற்கும் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே, தெளிவாக எழுத வேண்டும். குறைந்தபட்சம் இதிலிருந்தாவது தொடங்கலாம்.

இணையம் இல்லாமல் பாட்களோடு ஆடக்கூடிய ராணுவ ஷூட்டர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள். பழைய கணினியில், நான்கு ஜிபி ராமில் ஓடுபவையாக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்ட கணினி வைத்திருக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கன்ட்ரோலர் பொத்தான்களை விருப்பப்படி மாற்ற முடியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.