சமைக்காமல் போன கடற்கரை

சென்ற செவ்வாய்க்கிழமை நானும் என் கணவரும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி, பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குப் போனது, லிட்டில் இந்தியாவில் தைக்கக் கொடுத்திருந்த இரண்டு இரவிக்கைகளை வாங்கி வருவதற்காக மட்டுமே. கால் மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிட்டது. படகுத்துறைக்குத் திரும்பியபோது, அங்கு நின்றிருந்த ஃபெரியில் எழுதியிருந்த பெயரை அவர் வாய்விட்டுப் படித்தார்: "தெலுக் பஹாங்." பழைய ஃபெரிகளுக்குத் தீவுகளின் பெயர்கள் இருந்தன, 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய நான்கிற்கும் பினாங்கின் விரிகுடாக்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். "அந்த ஊருக்கு நாம் இருவர் மட்டும் எப்போதாவது போயிருக்கிறோமா?" என்று கேட்டார். திருமணமாகி இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் போனதில்லை. தெலுக் பஹாங் செல்லும் 101ஆம் எண் பேருந்து அருகிலேயே புறப்படத் தயாராக இருந்தது. இரவிக்கைப் பையோடு ஏறிவிட்டோம்.

பாதி வழியில் மகள் அழைத்தாள். நாங்கள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்மா, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள். மறுநாள் விஷயம் தெரிந்த நாத்தனார், ஏதேனும் வேண்டுதலா என்று விசாரித்தார். இருவரும் அன்பினால்தான் கேட்டார்கள். ஆனால் நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும் காரணமின்றிக் கடலைப் பார்க்கப் போவார்கள் என்பது அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்மவர்கள் கடலுக்குப் போகாதவர்கள் அல்லர். மாசி மகத்தன்று சிங்கமுக காளியம்மன் தெப்பத்தைக் காண இதே தெலுக் பஹாங்கில் கூடுகிறோம். இறந்தவர்களின் சாம்பலைக் கரைக்கப் போகிறோம். பள்ளி விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போகிறோம். இந்த மூன்றாவது பயணத்தைப் பற்றித்தான் நான் மனம்விட்டுப் பேச வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சம்பல் கிளறி, நாசி லெமாக்கைப் பொட்டலம் கட்டி, கோழிப் பிரட்டலைத் தூக்கில் நிரப்பி, பாயும் மாற்றுத் துணியும் மருந்தும் எடுத்து வைத்து, கரையில் யார் பசியாறினார்கள், யார் இன்னும் சாப்பிடவில்லை என்று கணக்குப் பார்த்து, மாலையில் வீடு திரும்பி மணல் அப்பிய துணிகளை அலசி முடிக்கும் பெண்ணுக்கு அது உல்லாசப் பயணம் ஆகாது. அடுப்படி வேலை அன்று மணலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அப்படி இருபது முறையாவது கடலுக்குப் போயிருக்கிறேன். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து அலையைப் பார்த்ததாக நினைவில்லை.

முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் இன்னும் வசதியாகப் போயிருக்கலாமே என்று தோழி ஒருத்தி சொன்னாள். நம் வீடுகளில் திட்டம் என்பது பெரும்பாலும் மனைவியின் வேலைப் பட்டியலாகவே முடிகிறது. அன்று எனக்குக் கிடைத்த ஓய்வு முழுவதும், எதையும் சமைக்காமல், எதையும் எடுத்து வைக்காமல் போனதால் கிடைத்தது.

தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டியதும் சாலை குன்றை ஒட்டி வளைந்து செல்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் தெரிந்து மறைகிறது. பத்து பெரிங்கி என்ற ஊர் வந்தபோது, அந்தப் பெரிங்கியும் நம் பறங்கியும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்று அவர் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் இதை என்னிடம் சொல்ல அவருக்கும், இருந்து கேட்க எனக்கும் நேரம் வாய்த்ததில்லை.

தெலுக் பஹாங்கில், 2003இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் வாயில் வரை நடந்தோம். ஆமைகள் முட்டையிடும் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் ஏறி இறங்கிப் போக வேண்டும். சேலையும் செருப்புமாக அது நடக்காது என்று விட்டுவிட்டோம். இந்தப் பக்கத்துக் கடலில் கொடிய சொறிமீன்கள் இருப்பதால் தண்ணீரிலும் இறங்கவில்லை. ஒட்டுக்கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, மீன்பிடிப் படகுகளுக்கு அப்பால் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்துப் பயணியாகப் பினாங்கில் வந்து இறங்கிய என் பாட்டி, அதன்பின் சாகும்வரை கடல் பக்கம் திரும்பாமல் தோட்டத்திலேயே வாழ்ந்து முடித்ததை அவரிடம் சொன்னேன். அவர் குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நெடுநேரம் இருவரும் பேசவில்லை; பேச வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் படகுத்துறைக்குத் திரும்பினோம். எங்களை ஏற்றிக்கொள்ள வந்த ஃபெரியின் பெயர் தெலுக் கும்பார். அவர் அதையும் வாய்விட்டுப் படித்தார். அது தீவின் தென்கோடியில் அல்லவா இருக்கிறது என்றேன் நான்.