குடோனை ஆங்கிலம் என்று விரட்டாதீர்கள்

மலாயில் கலந்த தமிழ்ச் சொற்கள் என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். கடை அங்கே ‘கெடாய்’, கப்பல் ‘கப்பால்’, வியாபாரத்தில் போடும் முதல் ‘மோடால்’. எல்லாம் உண்மைதான். ஆனால் படித்துவிட்டு மார்தட்டுவதோடு முடித்துக்கொள்கிறோமே, அதுதான் எனக்கு ஆதங்கம். ஒரு சொல் யார் யார் வாயில் புழங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதல்லவா சுவாரசியம்?

‘குடாங்’ என்ற மலாய்ச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வைக்கும் இடம். இந்தோனேசியாவின் பிரபல கிராம்பு சிகரெட்டுக்குப் பெயரே ‘குடாங் காராம்’, அதாவது உப்புக் கிடங்கு. இதற்கு மூலமாகத் தமிழ்க் ‘கிடங்கு’, தெலுங்குக் ‘கிட்டங்கி’ இரண்டையும் அகராதிகள் காட்டுகின்றன. நமக்கு மட்டும்தான் என்று பிடுங்கிக்கொள்வது நியாயமே இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குத் தமிழரும் போனார்கள், தெலுங்கரும் போனார்கள்.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். மலாய்க்காரர்களிடம் கேட்ட சொல்லைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போய், நம்மூர் லாரி ஷெட்டுக்குக் ‘குடோன்’ ஆக வந்து இறங்கியது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் திருகோணமலை ‘எண்ணெய்க் குதங்கள்’ என்று படிக்கிறோமே, அந்தக் குதமும் இந்த வம்சம்தான்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய இடங்களுக்குக் ‘கிட்டங்கி’ என்றே பெயர். நீளமான கூடம், ஆளுக்குக் கொஞ்சம் இடம், முன்னால் கணக்கெழுதும் மேசைப்பெட்டி. பகலில் கொடுக்கல் வாங்கல், ராத்திரி அங்கேயே படுக்கை. மலாய்க்காரர் குடாங் என்று சொல்லும் ஊரிலேயே செட்டியார்கள் கிட்டங்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை தலைமுறைக்கு முன் பிரிந்த சொந்தங்கள்!

கிடங்கு நல்ல சொல். நானும் அதைத்தான் எழுதுகிறேன். அதற்காகக் குடோனை ‘ஆங்கிலக் கலப்பு’ என்று கரித்துக்கொட்டுவதை என்னால் ஏற்க முடியாது. வணிகர்களும் மாலுமிகளும் சரக்கோடு சரக்காகச் சுமந்த சொல் அது. அடுத்த முறை அந்தப் பட்டியலைப் பகிர்கிறவர்கள் குடாங்கையும் சேருங்கள். பக்கத்திலேயே தெலுங்குக் கிட்டங்கியையும் மறக்காமல் எழுதுங்கள்.